மூன்று நாள் சூடு எங்கே போயிற்று

வெள்ளை முகமும் கறுப்பு ஊசியும் கொண்ட வட்டப் பெட்டி அது. சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருக்கும். சூளைக்கு எதிரே இருந்த தகரக் கொட்டகைத் தூணில், சரியாக என் கண் உயரத்துக்கு அதை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்பட்டுப் போய், சூளைச் சுவரில் செருகியிருந்த ஒரு பீங்கான் குழாய்க்குள் நுழையும். சூளைக்குள் எவ்வளவு சூடு என்பதை ஊசி காட்டும். ஒரு கோட்டுக்கு இருபது டிகிரி. அரை மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில், இரண்டு வருஷம் அந்த ஊசியின் முகத்தைப் பார்த்தே என் பகல்கள் கழிந்தன.

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்கு என் வாய்தான் காரணம், அதாவது அது திறக்காததுதான் காரணம். முன்பு அங்கே இருந்தவன் ஊசியைப் பார்க்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தானாம். என்னைக் கூட்டிப் போய் நிறுத்தியபோது சூப்பர்வைசர் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் தலையைத்தான் ஆட்டினேன். "பேசாத பொண்ணு, நம்பர் எழுதத் தெரியுது. ஊசி பார்க்க இதைவிட ஆள் கிடைக்காது" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கும் வயது அதிகமில்லை. டிப்ளமா முடித்து வெளியூரிலிருந்து வந்தவர். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. கரித்தூள் பறக்கும் இடத்தில் அதை எப்படிக் காப்பாற்றினார் என்பது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

நான் பதினோராம் வகுப்புப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் தோற்றவள். சக்தி என்ற பாடம் முழுவதும் எனக்கு மனப்பாடம். இப்போது பிள்ளைகளின் புத்தகத்தில் ஆற்றல் என்று போட்டிருக்கிறது, எங்கள் புத்தகத்தில் சக்தி. வேலை செய்யும் திறனே சக்தி. சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பரீட்சையில் வேறு மாதிரி கேட்டுவிட்டார்கள். நெருப்பாகப் பழுத்த ஆணி ஒன்று, ஓர் அண்டா வெந்நீர், இவற்றில் எதில் வெப்பசக்தி அதிகம், ஏன்? ஆணி என்று எழுதினேன். சிவப்பாக இருக்கிறதே, வேறென்ன எழுதுவது? அந்த ஒரு கேள்வியால் நான் தோற்கவில்லைதான். ஆனாலும் தோற்ற பிறகு அந்த ஆணிதான் ராத்திரி பகலாக மனதில் குத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் எப்படிப் பழுத்த ஆணியைவிடப் பெரிதாகும் என்று எனக்குப் புரியவே இல்லை.

சூளை பிரிக்கும் பெண்களுக்குத் தலைவி என் சித்தி, அம்மாவின் தங்கை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவோம். பஸ்ஸில் கண்டக்டர் முதல் கோழிக்கூடையோடு ஏறும் கிழவர் வரை எல்லோரிடமும் சித்தி பேசுவாள். நான் ஜன்னலைப் பார்ப்பேன். "எங்க ரெண்டு பேரு பேச்சையும் சேத்து சாமி எனக்கே குடுத்துட்டாரு" என்று என்னைக் காட்டி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சூளைக்குள் சாமான்களை அப்படியே வைப்பதில்லை. தடித்த மண்பெட்டிகளுக்குள் வைத்து, அந்தப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்குவார்கள். வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, சுற்றிலும் உள்ள அடுப்பு வாய்களில் மூன்று நாள் நிலக்கரி போடுவார்கள். நெருப்பை நிறுத்திய பிறகு ஆறுவதற்கும் அதே அளவு நாளாகும். ஆறியதும் வாசலைப் பிரித்து முதலில் உள்ளே போவது சித்தி. எந்தப் பெட்டியை முதலில் எடுத்தால் அடுக்கு சரியாது என்று அவளுக்குத்தான் தெரியும். "கரிப்பொறி மேல பட்டா தொடச்சி வுட்டுட்டுப் போயிடலாம். பெட்டி பட்டுதுன்னா தோலை அங்கியே வுட்டுட்டுத்தான் வரணும்" என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்வாள். பரீட்சைக் கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது: சிவப்பில் இல்லை, அளவில். நூறு தடவை கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஊசி முந்நூற்று இருபதில் நின்றது. சூளை நிறைய, மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கட்டைகள். மெட்ராஸுக்குப் போக வேண்டிய சரக்கு. நாலு மணிக்கு லாரி வருகிறது, ஏற்றியே ஆக வேண்டும் என்று முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். எண்பதுக்கு இறங்கினால்தான் வாசலைப் பிரிப்பது வழக்கம். ஒரு மணி நேரத்துக்கு அரைக்கோடு இறங்கினால் அதிகம். அந்தக் கணக்குப்படி மறுநாள் சாயங்காலம்கூட நிச்சயமில்லை. சூப்பர்வைசர் சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்பது மணிக்கு, அடுப்பைக் கவனிக்கும் பயர்மேன் ஏணி போட்டு ஏறினார். நெருப்பின் நிறத்தைப் பார்ப்பதற்காகச் சுவரில் விட்டிருந்த துளையை அடைத்திருந்த கல்லை உருவினார். அந்தத் துளை, பீங்கான் குழாய்க்கு ஒரு சாண் மேலே இருந்தது. புகைபோக்கிக் கதவையும் முழுக்கத் தூக்கிவிட்டார். "காத்து உள்ள போவட்டும், சீக்கிரம் ஆறிடும்" என்றார்.

ஒன்பதரைக்கு ஊசி இருநூற்று அறுபது. பத்துக்கு இருநூற்று இருபது. கொட்டகையில் சிரிப்பும் பேச்சும் கிளம்பின. "நம்ம பயர்மேன் கைராசிக்காரரு" என்றார் சூப்பர்வைசர். நான் எழுதினேன். எழுதும்போதே தெரிந்துவிட்டது. துளையில் நுழைகிற காற்று நேராகக் குழாயின்மேல் விழுகிறது. சாயங்காலம் ஊதி ஊதி டீ ஆற்றுகிறவர்களைப் போல, இவர்கள் அந்தக் குழாயை மட்டும் ஊதி ஆற்றுகிறார்கள். நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே சித்தி சாக்கு விரித்து உட்கார்ந்து, வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். "என்னாடி, ஊசி என்னா சொல்லுது?" என்றாள். "இறங்குது சித்தி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பதினோரு மணிக்கு நூற்று நாற்பது. யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்துபோய், சூளையைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புப் பட்டையில் விரலை வைத்தேன். முந்தின நாள் போலவே சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மூன்று நாள் வண்டி வண்டியாகக் கரி எரிந்தது. அத்தனை சூடும் இரண்டு மணி நேரத்தில் ஒரு கையகலத் துளையைத் திறந்ததால் குறைந்துவிட்டதென்றால், அது எங்கே போனது? புகைபோக்கி வழியாகப் போயிருந்தால் அதன் அடிப்பக்கம் அனலாகக் கொதிக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்த அந்த வரி, அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு ஒரு கேள்வியாக மாறியது. எங்கே போச்சு? போகவில்லையென்றால் உள்ளேதான் இருக்கிறது. ஊசி காட்டுவது குழாயின் சூட்டை. பெட்டிகளுக்குள்ளும் சுவருக்குள்ளும் கிடப்பதை அது எண்ணிக் காட்டாது. ஆணி ஆறிவிட்டது, அண்டா கொதித்துக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். சூப்பர்வைசர் இரண்டு முறை என் பக்கத்தில் வந்து நின்று ஊசியைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு முறையும் நான் நோட்டில் குனிந்துகொண்டேன். படித்தவருக்குத் தெரியாதா, தோற்றவள் நான் எதையாவது உளறிவைத்தால் எல்லோரும் சிரிக்க மாட்டார்களா என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எண்பது. வாசலைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். மேலிருந்து நாலு வரிசைச் செங்கல் எடுத்தார்கள். வழக்கமாக முகத்தில் அனல் அடிக்கும். அன்று அடிக்கவில்லை. புகைபோக்கி உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததால் எங்கள் முதுகுப் பக்கமிருந்துதான் காற்று உள்ளே போனது. "ஏசி ரூமு மாதிரி இருக்குது" என்று ஒருவன் சொன்னான். உள்ளே ஆழத்தில் 'டிங்' என்று ஏதோ விரிசல் விடும் சத்தம் கேட்டது. சித்தி ஈரச் சாக்கைக் கையில் சுற்றி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்னும் ஆறு வரிசைக் கல்தான் மிச்சம். ஐந்து. நாலு.

"சித்தி, போவாத" என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சித்தி கண்ணை அகல விரித்தாள். "வாயத் தொறந்துட்டாடி! மழ கொட்டப் போவுது."

"என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

"கொழாதாங்க ஆறியிருக்குது. சூள ஆறல. மூணு நாளு போட்ட சூடு எங்கங்க போச்சு?"

அவர் முகம் சிவந்தது. "பரீட்சையில பெயிலானவ எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தரியா? ஊசி எண்பது காட்டுது. நீதானே எழுதுன?"

"எழுதினேங்க. மேல கல்லை வெச்சி அடைச்சிட்டுப் பாருங்க. கரி போடாமலே ஊசி ஏறும்."

"கரி போடாம எப்பிடிம்மா ஏறும்? பேய் வந்து ஏத்துமா?" என்று பயர்மேன் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

சித்தி சிரிக்கவில்லை. எடுத்து வைத்த செங்கல் குவியல்மேல் போய் உட்கார்ந்தாள். "சார், இவ பொறந்ததுலேருந்து பாக்குறேன். சோறு போதும் போதாதுன்னுகூட வாயத் தொறந்து சொல்ல மாட்டா. இன்னிக்கி சொல்றான்னா, அது என்னான்னு பாக்காம நான் உள்ள போவ மாட்டேன்."

"லாரி வரப் போவுது."

"வரட்டும். டிரைவருக்கு டீ வாங்கிக் குடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம். ஊசி ஏறலன்னா நீங்க ரெண்டு பேரும் நாளையிலேருந்து வர வேணாம்." சித்தி தலையை ஆட்டினாள். எனக்கும் சேர்த்து அவளே ஆட்டினாள். சித்தப்பா படுத்த படுக்கையாக இருந்த வருஷம் அது. அவள் வேலைதான் அந்த வீட்டுக்கு அடுப்பு.

துளையில் கல்லை வைத்துக் களிமண் பூசினார்கள். புகைபோக்கியை மூடினார்கள். வாசலில் கற்களை மறுபடி அடுக்கி ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார்கள். எல்லோரும் தூணைச் சுற்றி நின்றோம். ஊசி எண்பதில் அசையாமல் இருந்தது. ஐந்து நிமிஷம். யாரோ கொட்டாவி விட்டார்கள். பத்து நிமிஷம். அசையவில்லை. "அம்மணி, உங்க பேய்க்கு இன்னிக்கு லீவு போலிருக்கு" என்றார் பயர்மேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ, மறுபடியும் ஆணிதானோ என்று நினைத்தேன். சித்தி வெற்றிலைப் பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

ஊசி ஒரு மயிரிழை நடுங்கியது. யாராவது தூணில் சாய்ந்துவிட்டார்கள் போல என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அடுத்த கோட்டைத் தொட்டது. நூறு. நூற்று நாற்பது. இருநூறு. எங்கேயும் ஒரு துண்டு கரி எரியவில்லை. சுற்றிலுமுள்ள அடுப்பு வாய்களெல்லாம் சாம்பலும் இருட்டுமாகக் கிடந்தன. ஊசி மட்டும் தன்பாட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. அரை மணி ஆனபோது இருநூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. பயர்மேன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். சூப்பர்வைசர் என் கையிலிருந்த நோட்டை வாங்கிக் காலையிலிருந்து எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. பிறகு சூளை வாசலையும், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தியையும் பார்த்தார். "நாளைக்குப் பிரிக்கலாம்" என்று சொன்னார். லாரி வெறும் லாரியாகத் திரும்பியது. முதலாளியிடம் அவர் பட்ட பாட்டைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேலையை விடும்வரை என்னை அவர் வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அது முன்பைவிடக் கூச்சமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போகாத குறையாகச் சித்தி பேசிக்கொண்டே வந்தாள். மணிமுத்தாற்றுப் பாலத்தில் ஏறும்போது, "ஆமா, உனக்கு எப்ப தெரிஞ்சிது?" என்றாள், சும்மா கேட்பது போல.

"பத்து மணிக்கு."

அவள் பேச்சு நின்றது. பாலம் முடியும்வரை இரண்டு பேர் செருப்புச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் ஏதோ கேலியாகச் சொன்னார், அவள் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்: "ரெண்டு மணி நேரம். நான் உன் எதிர்லதான்டி உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருந்தேன்."

சூளைக்குள் அவ்வளவு சூடு வெளியே தெரியாமல் கிடக்கிறது என்று கண்டுபிடித்த நான், அதை எனக்குள் அப்படியே அடைத்து வைத்துக்கொண்டு, அவள் கையில் சாக்குச் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வரிசைக் கல் மீதி இருந்தபோது பேசினேன் என்பது நல்லதுதான். பேசாமலும் இருந்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். சித்திக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் எப்போதும் போல என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஊமச்சி, பஸ்ஸு வந்துடும்" என்று கத்தினாள். அதன்பிறகு இத்தனை வருஷமாக, கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அந்தக் கதையை அவள் சொல்லாத இடம் இல்லை. அவள் கதையில் ஊசி இரண்டாயிரம் வரைக்கும் ஏறுகிறது இப்போது. சூப்பர்வைசர் அழுகிறார். பயர்மேன் மயங்கி விழுகிறார். எங்கள் அக்கா மகள் புத்தகத்தை மாற்றி எழுத வைத்துவிட்டாள் என்று முடிப்பாள். பத்து மணி மட்டும் எந்த முறையும் வந்ததில்லை. எத்தனையோ சேர்க்கிறவள் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறாள். அதைச் சொல்லாமல் தாண்டும்போது என் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

சித்திக்குப் படிக்கத் தெரியாது. இதை எழுதி முடித்ததும் நானே போய் வாசித்துக் காட்ட வேண்டும். பத்து மணி வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தாமல்.