மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு ஒரு போன்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, இரண்டு பக்கத்துக் கோபத்தையும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, நமக்கு ஒரு கோபமும் இல்லாததுபோல் நிற்பது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் நம் ஆட்கள் தமிழில் சொல்வதை மலாயில் சொல்கிறேன், மாஜிஸ்திரேட் மலாயில் சொல்வதைத் தமிழில் சொல்கிறேன். ஆனால் வராந்தாவில் என்னை மடக்குகிறவர்களுக்கு வேண்டியது சிபாரிசு. அரசாங்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்த பாவத்துக்காகச் சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

நம்பர் மட்டும் போதும்

சரோஜா அக்கா கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வேலை ஓய்ந்த பிறகு தோட்ட வாசலில் தோசைக் கடை போட்டிருந்தார். சாலையோரத்தில் லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்தார் என்று நகராண்மைக் கழகம் வழக்குப் போட்டு, அடுப்பு, தோசைக்கல், மேசை எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வழக்கில் தோற்றால் சாமான் திரும்பாது, கடையும் அதோடு சரி. அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது.

முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், நம் ஆட்கள் வாயில் ஒய்.பி., அக்கா கடைத் தோசைக்கு ரசிகராம். அவர் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது என்றார். ஒய்.பி. சட்டம் போடுகிற இடத்து ஆள், கழகம் சட்டத்தை நடத்துகிற இடம், தீர்ப்புச் சொல்வது மாஜிஸ்திரேட் அம்மா மட்டும், ஒருவர் வேலைக்குள் இன்னொருவர் கையை விடக் கூடாது என்று வகுப்பெடுக்காத குறையாக விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தங்கச்சி. நீ அந்த அம்மா நம்பர மட்டும் குடு, மிச்சத்த ஒய்.பி. பாத்துக்குவாரு."

மறக்காத ஆள்

இன்னொரு வழக்கில் வந்தவர்கள் மெர்போக்கைச் சேர்ந்த அண்ணன் தம்பி. டுரியான் மரம் யாருடையது என்ற சண்டையில் அண்ணன் தம்பியை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார். போலீஸ் வழக்காகிவிட்டது. வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் இருவரும் சமாதானமாகி, ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். தம்பி கையில் அண்ணனுக்கு வாங்கிய குவே பலகாரப் பொட்டலம் வேறு.

கேஸை மூடிவிடும்படி மாஜிஸ்திரேட்டிடம் கும்பிட்டுக் கேட்டார்கள். வழக்கைத் தொடுப்பதும் கைவிடுவதும் அரசுத் தரப்பின் வேலை, நானாக அதை மூட முடியாது என்று அவர் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னதும் அண்ணனுக்கு வந்ததே ஆத்திரம்.

"அடிச்சது நானு, வாங்குனது இவன். நாங்க ரெண்டு பேருமே மறந்துட்டோம். இன்னும் மனசுல வச்சுக்கிட்டு இருக்கறது கவர்மெண்ட் மட்டும்தான்லா!"

அமெரிக்காவில் அவசரம்

கோர்ட்டுக்கு எதிரே காதர் பாய் கடை. எங்கள் வழக்குகளில் பாதிக்கு முதல் தீர்ப்பு அங்கேதான் விழும். ஒரு நாள் வழக்கு ஒத்திவைக்கப்பட்டு, நானும் சரோஜா அக்காவும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி. அதிபர் போட்ட உத்தரவை ஒரு நீதிபதி நிறுத்திவைத்துவிட்டாராம். அந்த நீதிபதியை இன்னுமா வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று அக்கா பதறிப்போய்க் கேட்டார்.

"தூக்க முடியாதுக்கா. அங்க அதிபர் தனி, பார்லிமெண்ட் தனி, கோர்ட்டு தனி. மாநிலம்கூட அதது பாட்டுக்குத் தனி" என்றார் காதர் பாய். நானும் சும்மா இருக்கவில்லை. நம் பிரதமர் நாடாளுமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர், அங்கே அதிபர் அதில் உறுப்பினரே இல்லை, தனியாக ஓட்டு வாங்கி வருகிறவர் என்றேன். இங்கேயும் கோர்ட் மட்டும் தனிதான் என்பதை அழுத்திச் சொன்னேன். அக்கா கிளாஸைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் தனித்தனியா இருந்தா, ஒரு அவசரத்துக்கு யாருக்குத்தான்லா போன் பண்றது?"

முன்வரிசை

விசாரணை அன்று ஒய்.பி. நிஜமாகவே வந்துவிட்டார். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவரோ நேராகப் போய்க் கழகத்து அதிகாரியின் தோளைத் தட்டினார். தோட்டத்துக்கு எதிரே புதிதாகக் கட்டிய கடைவரிசைக்காரர்கள், தோசைக் கடை அங்கே கூடாது என்று ஒய்.பி.யிடம் முறையிட்டிருக்கிறார்கள். எடுத்துவிடுகிறேன் என்று இவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அக்கா முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

மாஜிஸ்திரேட் வந்தார். வழக்கறிஞர்களுக்கான முன்வரிசையில் ஒய்.பி. உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வழக்கில் சம்பந்தம் இல்லாதவர்கள் பின்னால் உட்காரலாம் என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒய்.பி. எழுந்து பின்வரிசைக்குப் போனார். பிறகு மாஜிஸ்திரேட், சாட்சிக் கூண்டில் இருந்த அதிகாரியிடம் ஒரு கேள்வி கேட்டார். கடை இருந்தது சாலையோரத்திலா, தோட்டத்து வேலிக்கு உள்ளேயா? அதிகாரி மென்று விழுங்கி, வேலிக்கு உள்ளேதான் என்றார். குற்றச்சாட்டில் சாலையோரம் என்றுதான் இருந்தது. சரோஜா அக்கா விடுதலை, சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. அதைத் தமிழில் சொல்லும்போது என் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேள தங்கச்சி, நீ அந்த அம்மா நம்பர குடுக்கல. குடுத்திருந்தா இன்னிக்கு ஒய்.பி. போன் போட்டிருப்பாருலா!"

அப்படிச் சொல்லிவிட்டுப் போன அதே அக்கா, அடுத்த மாதமே தன் மருமகனின் சம்மனோடு வந்து, "அந்த அம்மாதான் நமக்குத் தெரிஞ்சவங்களாச்சே, ஒரு வார்த்த சொல்லிடேன்" என்று வராந்தாவில் நின்றதையும் சேர்த்துச் சொன்னால்தான் என் உத்தியோகம் உங்களுக்கு முழுசாக விளங்கும்.