ஊசி அக்காவின் ஹாரன்

அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது வேலை. காலை ஐந்தரைக்குச் சின்னக் காரில் கிளம்பினால் ஒன்பதுக்குள் பன்னிரண்டு வீடு. வெறும் வயிற்றோடு எரிச்சலாக உட்கார்ந்திருக்கும் மனிதர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நரம்பைப் பிடித்துவிடுவாள். "எடுக்கப் போறேன்னு சொல்லுங்கம்மா" என்பவர்களிடம், "எடுத்தே முடிச்சாச்சு, பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்பாள். கை அப்படி.

காரில் ஒரு குறை மட்டும் உண்டு. கம்பெனியிலிருந்து வந்த ஹாரன் 'ப்பீ' என்று வாத்துக்குஞ்சு மாதிரி கத்தும். பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் இருந்த அவள் கணவன், அதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பான்.

"இதை அடிக்கிறதுக்கு நீயே இறங்கிப் போய், கொஞ்சம் நகருங்கன்னு சொல்லிடலாம். நல்லதா ஒண்ணு மாட்டிடு."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

இரண்டு வருடமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை. உண்மையில் அவளுக்கு அந்தச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. நோயாளிகள் இருக்கும் தெருக்களில் விடியற்காலையில் போகிற வண்டி, யார் தூக்கத்தையும் கெடுக்காமல் போகட்டுமே என்று நினைத்தாள்.

அந்தக் காலையில் ஆறரை மணிக்குக் கிடங்குத் தெருவுக்குள் திரும்பினாள். முப்பதடி தூரத்தில் ஒரு லாரி கிடங்குச் சுவரை நோக்கிப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவில், கிடங்குக் காவலாளி குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். முதுகு லாரிப் பக்கம். ஊசி அக்கா உள்ளங்கையை ஸ்டியரிங்கில் வைத்து அழுத்தினாள். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். தண்ணீர்ச் சத்தத்திலும் எஞ்சின் சத்தத்திலும் அந்த 'ப்பீ' எங்கே போனதோ, காவலாளி திரும்பவில்லை. லாரியும் நிற்கவில்லை. கண்ணாடியை இறக்கிக் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "நீங்க ஹாரன் அடிச்சீங்களா?"

"அடிச்சேன் சார்."

"சரி." எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க என்னம்மா பண்ணுவீங்க" என்று ஆறுதல்தான் சொன்னார்கள். வெளியே பெஞ்சில் லாரிக்காரர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். அவள் கடந்து போனபோதும் நிமிரவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளை விடவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம், வேலை முடிந்ததும் 'ப்பீ' என்று கூப்பிடும். பத்து வருடமாகக் கேட்ட சத்தம்தான். இப்போது அது கேட்டதும் அவள் வலது உள்ளங்கை தானாக முன்னால் போய் எதையோ அழுத்தும். நோயாளி வீட்டில் எங்காவது தண்ணீர்க் குழாய் திறந்திருந்தால், "அதைக் கொஞ்சம் மூடிடுங்களேன்" என்பாள். மூடிய பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பாள். ஒரு மத்தியானம் கணவன் வந்து பார்த்தபோது, வாசலில் நிறுத்திய காருக்குள் சாவிகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கை ஸ்டியரிங்கில் இருந்தது.

அவன் கதவைத் திறந்து, "சாப்பிட வா" என்றான். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

நாற்பதாம் நாளோ என்னவோ, வண்டியை வயரிங் கடைக்கு ஓட்டிப் போனாள். கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடி மாட்டிய ஒல்லி மனிதர். முன்பக்கக் கிரில்லைக் கழற்றி, உள்ளே ஒற்றையாகத் தொங்கிய தட்டு ஹாரனை விரலால் சுண்டினார்.

"இதுவா? இது சும்மா பேருக்கு வச்சிருக்கான். ரெட்டை ஹாரன் போடறேன். ஒண்ணு கனத்த சத்தம், ஒண்ணு மெலிசு. சேர்ந்து வந்தாதான் காதுல ஏறும்."

"சத்தமா இருக்குமா?"

"சத்தம் மட்டும் பத்தாதும்மா. குரல் வேணும். இந்த மெலிசுக் குரலைக் கேட்டா ஏதோ ஸ்கூட்டர்னு நினைச்சுட்டுப் போயிட்டே இருப்பான். கனத்த குரல்னா காலு தானா பிரேக்குக்குப் போகும்."

கடைக்காரர் பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்தார். பழைய மெல்லிய ஒயர் இரண்டு ஹாரனைத் தாங்காது, சூடாகிவிடும். அதனால் அது ரிலே என்கிற சின்ன சுவிட்சைத் தட்டிவிடுவதோடு சரி என்று விளக்கினார். மழைத் தண்ணீர் தேங்காதபடி நத்தை ஓடு மாதிரியான இரண்டு ஹாரன்களையும் வாய் கீழே பார்க்க வைத்துத் திருகினார்.

"அடிச்சுப் பாருங்க."

அழுத்தினாள். எதிர்க்கடையில் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். நடுத்தெருவில் நடந்துகொண்டிருந்த ஒருவர் துள்ளி ஓரமாகப் போனார். அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"என்னம்மா, முக்கால் மணி நேரம்கூட ஆகல."

முக்கால் மணி நேரம். வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

மூன்று மாதம் கழித்து, பரிசோதனைக் கூடத்தில் மறுநாளுக்கான வீடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சீட்டில், விசாரணையில் கேட்ட லாரிக்காரரின் பெயர் இருந்தது. அது இன்னொரு பையனின் பகுதி. "அந்த வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று சீட்டைக் கேட்டு வாங்கினாள். எதற்கு வாங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் வீடு ஒரு தெருக்கோடியில், ஒற்றை அறை. சன்னலோரக் கட்டிலில் சட்டைக் கையை மடித்துவிட்டபடி காத்திருந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை.

"சர்க்கரை எப்ப இருந்து?" என்று கேட்டபடி ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"இப்பதான் ஏறிடுச்சு. தூக்கம் இல்ல. லாரி ஓட்டிட்டு இருந்தேன். ஒருத்தர் மேல ஏத்திட்டேன்."

ஊசி உள்ளே போய்விட்டது. குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேக்காம ஏத்திட்டேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க" என்றார் அவர். "ஹாரன் கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு. ஏதோ சின்னப் பய ஸ்கூட்டர்ல நின்னுக்கிட்டு வழி கேக்கறான், இருக்கட்டும், நாம வண்டியைப் பின்னால எடுத்து முடிச்சிரலாம்னு நினைச்சேன். இதை விசாரணைல சொல்லல. என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்தாள், குழாயில் சீட்டை ஒட்டினாள். பிறகு சொன்னாள்:

"ஸ்கூட்டர் இல்லண்ணா. அது என் கார்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பஞ்சு கீழே விழுந்து, கையில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவளே குனிந்து துடைத்துவிட்டாள்.

"வண்டி வெளியில நிக்குதா?"

"நிக்குது. ஆனா அந்த ஹாரன் இல்ல. மாத்திட்டேன்."

"புதுசை அடிச்சுக் காட்டும்மா."

வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். முதுகைத் தெருவுக்குக் காட்டித் திரும்பிக்கொண்டார். அவள் காருக்குள் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை அழுத்தினாள். மாடியில் யாரோ சன்னலைத் திறந்து பார்த்து மூடினார்கள்.

அவர் திரும்பாமலே சொன்னார்: "இதுன்னா நின்னிருப்பேன்."

வெறுப்பாகச் சொல்லவில்லை, சமாதானமாகவும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அவள் வண்டியைவிட்டு இறங்கி வந்து, வாசல்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார். அடுத்து ரத்தம் எடுக்க வேண்டிய வீட்டில் காத்திருந்தவர்கள் இரண்டு தடவை ஃபோன் பண்ணினார்கள். அவள் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீடு அவளுடையது ஆயிற்று. வேறு ஆளை அனுப்ப விடமாட்டாள். அவருக்கு லைசென்ஸ் போய், ஒரு கிடங்கில் சீட்டு எழுதும் வேலை. சர்க்கரை சில சமயம் இறங்கும், பல சமயம் இறங்காது. "எந்தக் கை?" என்று கேட்பாள். இடதை நீட்டுவார். "தூக்கம் வருதாண்ணா?" "வருது போகுது. உனக்கு?" "அதே கதைதான்." இதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை.

அவர் வீட்டுத் தெருவுக்குள் மட்டும் அவள் காரைக் கொண்டுபோவதில்லை. முக்கிலேயே நிறுத்திவிட்டு, ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறாள்.