வடிகட்டிக் கொடுத்த தண்ணீர்

எங்கள் சாயப்பட்டறை அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கிறது. உள்ளே அரக்குச் சிவப்பில் தண்ணீர். எவ்வளவு குலுக்கினாலும் அடியிலிருந்து ஒரு தூசி எழும்பாது. வருகிறவர்கள் சர்பத்தா என்று கேட்பார்கள். “இல்லை, நான் சொன்ன பொய்” என்பேன். அதைப் பாட்டிலில் ஊற்றி எனக்கே திருப்பிக் கொடுத்தவர் ஒரு டாக்டரம்மா.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை; சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அவர் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு முதன்முதலாக வந்தபோது எங்கள் நிலைமை சரியில்லை. ஆடி முடிவதற்குள் தெருக் கால்வாயில் சாயத் தண்ணீர் விடுவதை நிறுத்தாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுப் போடுவோம் என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவும் நானும் சேர்ந்து நடத்தும் பட்டறை. இரண்டு பேருக்கும் வேறு பிழைப்பு தெரியாது. சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் வெளியே விடும் ஒரு பொடியை ஏதோ ஒரு கல்லூரியில் யாரோ கண்டுபிடித்து, கட்டுரையும் எழுதி வைத்திருந்தார்களாம். “கண்டுபிடிச்சவங்க அங்க இருக்காங்க, வேணும்கிறவங்க இங்க இருக்கீங்க. நடுவுல நடந்துட்டே இருக்கிறதுதான் எங்க ஆபீஸ் வேலை” என்பார் டாக்டரம்மா. அந்தப் பொடியை முதலில் ஒரு குடம் தண்ணீருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் டிரம்முக்கு, கடைசியில் தொட்டிக்கு. ஒவ்வொரு படியிலும் புதிதாக ஒன்று உதைக்குமாம். அதைச் சரிபண்ணிக்கொண்டேதான் மேலே ஏற வேண்டுமாம்.

சோதித்துப் பார்க்க வாரம் ஒரு குடம் கழிவுத் தண்ணீர் கேட்டார். நான் மொள்ளப் போனேன். அக்கா கையைப் பிடித்தாள். “ஏன்பா, மெட்ராஸ்லேர்ந்து வந்துக்கிறாங்க, கசடும் நூலும் மிதக்கிற தண்ணியவா குடுப்ப? மானம் போவாது? வடிகட்டிக் குடு.” எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. புது வேட்டியை நாலாக மடித்து, அவர் பார்க்காதபோது வடிகட்டி, விருந்தாளிக்கு மோர் கொடுக்கிற பவ்யத்தோடு கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படியேதான்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் எல்லாம் பிரமாதமாக ஓடியது. அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் ஆள் உயர உருளை செய்து, பொடியை நிரப்பி, எங்கள் தொட்டியோரம் நிறுத்தினார். இரண்டாம் நாள் மதியமே அடைத்துக்கொண்டது. கழுவினோம், மறுபடியும் அடைத்தது. கெடுவுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து நோட்டைப் புரட்டியவர், “என் கணக்குலதான் எங்கயோ தப்பு. தோத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்துடறேன்” என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தேன். சாயம் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் அவிக்கும்போது கழன்று வரும் பசை அதில் காய்ந்து, கஞ்சி போட்டதுபோல் விறைத்து நின்றது. சொன்னால் ஏமாற்றுக்காரன் என்பார். சொல்லாவிட்டால் பட்டறையும் போகும், செய்யாத தப்பையும் அவர் சுமப்பார். வேட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

“அம்மா, உங்களுக்குக் குடுத்ததெல்லாம் வடிகட்டின தண்ணி.”

“எதுக்குப்பா?”

“அழுக்குத் தண்ணிய எப்படிமா உங்க கையில குடுக்கிறது?”

டாக்டரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஐயோ, நான் கேட்டதே அந்த அழுக்கைத்தானேப்பா!” வேட்டியை விரித்து, பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “என் மெஷினோட முன்பாதி இதுதான். இதைப் போய்க் கொடியில காயப் போட்டிருக்கீங்களே!” அக்கா விடுவாளா? “அப்போ வேட்டிக்கும் ஒரு டாக்டர் பட்டம் குடுத்துடுங்கமா” என்றாள்.

மூன்றே நாளில் உருளைக்கு முன்னால் ஒரு தெளியவைக்கும் தொட்டியும், அதன் வாயில் துணி கட்டிய சட்டமும் வந்தன. அரக்குச் சிவப்பாக உள்ளே போன தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் நிறத்தில் வெளியே வந்தது. அந்தத் தண்ணீரிலேயே மறுநாள் கிளிப்பச்சை போட்டேன். ஒரு திட்டு இல்லாமல் நூலில் ஏறியது. கால்வாயில் விடுவதற்கே ஒன்றும் மிச்சமில்லை. கெடு நாளன்று வந்த அதிகாரி உருளையின் வாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். கொண்டுவந்த பூட்டும் அவரோடேயே திரும்பிப் போயிற்று. அன்று தெரு முழுக்க அக்கா கேசரி கொடுத்தாள்.

இப்போது அந்த மெஷின் எங்கெங்கோ போகிறது. துணி போய்க் கம்பி வலை வந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா வரைந்த படத்தில் முதல் பாகத்தின் பெயர் இன்றைக்கும் ‘வேட்டி’தான். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் எனக்குப் போன் போட்டு, “அண்ணே, வேட்டி கிழிஞ்சிடுச்சு, எங்க கிடைக்கும்?” என்று கேட்கும்போது நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது.

போன வாரம் டாக்டரம்மா மறுபடி வந்தார். அன்று அடைத்த அந்தப் பட்டுப் பசைதான் இப்போது வேண்டுமாம். அதிலிருந்து முகத்துக்குப் பூசும் களிம்பு செய்ய முடியுமா என்று பார்க்கிறார்களாம். பாட்டிலை எடுத்து, குலுக்கி, சிரித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். அதற்குள் அக்கா, நூலும் நுரையும் மிதக்க ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“இந்தாங்கமா, கசடு அப்படியே இருக்குது. என் தம்பிய கிட்டயே வர உடல!”