நர்ஸம்மாவின் கிளட்ச்

வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து நாளாகிறது. அதை யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அவருடைய பழைய குட்டிக் காரின் கிளட்ச் மிதியோ கல் மாதிரி இருக்கும். அதை மிதித்து மிதித்தே பாதி ஊரைப் பிழைக்க வைத்தவர் அவர்.

கிளட்சில் எண்ணெய் கசிகிறதென்று தம்பியின் பட்டறையில் விட்டிருந்தார். வண்டி திரும்பி வந்தபோது மிதி பஞ்சாக அமுங்கியது. நர்ஸம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் தெருமுனை வரைக்கும்தான். கியர் மாற்றியதும் எழுந்த கறமுற சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. மறுபடி பட்டறை. தம்பி எண்ணெய்க் குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்தான், எண்ணெய் மாற்றினான், கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, வண்டிக்கு வயசாச்சு. வித்துடலாம். மாமாவும் அதான் சொல்றாரு."

மாமா என்றால் நர்ஸம்மாவின் வீட்டுக்காரர். அவர் வாங்குவதற்கு ஆளே பார்த்து வைத்துவிட்டார். வண்டி போனால் வேலையும் போச்சு, அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ண வேண்டியதுதான். நினைக்கும்போதே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று பானெட்டைத் திறந்தார். கிளட்சைத் தள்ளும் சிலிண்டர் புதுசாக மின்னியது. கழற்றிய பழையது மேசைமேல் கிடந்தது. பழையது ஒல்லி, புதுசு குண்டு.

"இது என்னடா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "பின்னாடி வந்த மாடலோடதுக்கா. உள்வாய் அகலம். மிதி லேசா இருக்கும்னு போட்டேன். உன் முட்டிக்காகத்தான்."

"சின்ன சிரிஞ்சுத் தண்ணிய பெரிய சிரிஞ்சுல தள்ளினா எத்தனை கோடுடா ஏறும்? இதுவும் அரைகுறையாத்தான் தள்ளுது. கிளட்ச் முழுசா விலகல, அதான் கியர் கத்துது. உனக்குத் தெரியாதா?"

"போட்டப்புறம் தெரிஞ்சுது. மாமாதான், அப்படியே விடு, அவளே ஓட்டுறத நிறுத்திடுவான்னாரு."

நர்ஸம்மா பழைய சிலிண்டரை வெடுக்கென்று எடுத்து அவன் கையில் திணித்தார். காலுக்குச் சொந்தக்காரி இங்கே குத்துக்கல்லாக நிற்க, இரண்டு ஆம்பிளைகள் கூடிப் பேசி முடிவு கட்டியிருக்கிறார்கள்!

"பழசுல கசியுற ரப்பர மட்டும் மாத்திப் போடு. இப்பவே. வாங்க வர்றவன உங்க மாமாவையே வாங்கிட்டுப் போகச் சொல்லு."

போட்டு முடிக்கும் வரை உட்காராமல் நின்றார். பிறகு ஏறி, மிதித்தார். முட்டியிலிருந்து இடுப்பு வரை சுரீரென்றது. கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

தம்பி ஜன்னலில் குனிந்தான். "வலிக்குதாக்கா?"

"உயிர் போகுது. தள்ளி நில்லு, நேரமாச்சு."