ஹெல்யு தைத்த சரியான கொடி

ஹெல்யு என் பெரியம்மா மகள். எங்கள் துறைமுகத்தில் வலை ஒட்டுப்போட்டே வயதானவள். அவள் தம்பி தோய்வோ கட்டியவள் விர்வே. இருவரும் தையல்காரிகள்தான். ஆனால் ஊரின் கல்யாண உடுப்பெல்லாம் விர்வேயிடம் போகும். ஹெல்யுவிடம் கிழிந்த கால்சட்டை வரும். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஒருநாளும் அடங்கியதில்லை.

1991 ஆகஸ்டில் எஸ்தோனியா மறுபடி தனி நாடானபோது, பெரிய நாடுகள் மாஸ்கோவின் முகத்தைப் பார்த்துத் தயங்கின. ஐஸ்லாந்துதான் முதலில் எங்களை ஒரு நாடென்று ஏற்று உறவு வைத்தது. அடுத்த மாதமே அவர்கள் சார்பில் சிக்ரூன் என்ற அம்மாள் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொன்னார்கள். கடையில் ஐஸ்லாந்துக் கொடி ஏது? ஊர்த்தலைவர் உனோ அதை விர்வேயிடம் தைக்கச் சொன்னார்.

ஹெல்யு காப்பி குடிக்கிற சாக்கில் போய்ப் பார்த்தாள். மேசை நிறையச் சிவப்புத் துணி. பக்கத்தில் செய்தித்தாளில் வந்த கறுப்பு வெள்ளைப் படம்.

"நிறம் சரிதானா அண்ணி? படத்துல தெரியல. உங்க வீட்டு அண்ணன் கப்பல்ல அந்தப் பக்கம் போனவராச்சே, ஏதாவது சொல்லியிருக்காரா?"

ஹெல்யுவுக்குத் தெரியும். நீலத்தின் மேல்தான் சிவப்புச் சிலுவை வரவேண்டும்; சிவப்பின் மேல் நீலம் வந்தால் வேறு நாட்டுக் கொடியாகிவிடும். செத்துப்போன அவள் புருஷன் அந்தக் கடல் கப்பல்களைப் பற்றிப் பேசாத நாளில்லை.

"உனக்குத் தெரியாததா? ஊரே உன்ன நம்பித்தான குடுத்திருக்கு," என்று சொல்லிவிட்டுக் கேக்கை மென்றாள்.

விழாவன்று நல்ல உடுப்புப் போட்டு முன்னால் போய் நின்றாள். சிக்ரூன் கொடியை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"இது நார்வே கொடியாச்சே," என்று கூட வந்தவர் மொழிபெயர்த்தார்.

விர்வே கண் கலங்கிவிட்டாள். சிக்ரூன் அவளைக் கட்டிக்கொண்டு, "எங்களுக்காக உட்கார்ந்து தைச்சீங்களே. இத நான் கொண்டுபோறேன். நீங்க எங்க ஊருக்கு வந்து, எங்க கொடிய நேர்ல பாருங்க," என்றார்.

விர்வே ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக் போய்வந்தாள். அங்கே கொடுத்த கம்பளிச் சட்டையை ஜூலை வெயிலிலும் கழற்றவில்லை.

"வேர்த்தே சாகப்போறா," என்றாள் ஹெல்யு என்னிடம்.

அடுத்த ஆகஸ்டில் சுதந்திர நாளுக்கு, யாரும் கேளாமலே ஹெல்யுவே ஐஸ்லாந்துக் கொடி தைத்துக் கொடுத்தாள். நீலம், வெள்ளை, சிவப்பு, எல்லாம் அச்சுப்போல. ஏற்றினார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"உனோ, கொடியப் பாத்தீங்களா? இந்தத் தடவ சரியா இருக்கு."

"கொடின்னா சரியாத்தானம்மா இருக்கும்," என்றவர் கம்பளிச் சட்டை பக்கம் திரும்பினார். "விர்வே, அந்த நார்வே கதைய இன்னொரு தடவ சொல்லு."