சோழவரத்தில் ஒரு கைநாட்டு

அணுகுண்டு வேண்டாம் என்று ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கித் திரிந்த காலம் அது. சோழவரத்தில் ஒரு குடியானவரிடம் தாளை நீட்டினேன். உலக யுத்தத்தின்போது விமானம் இறங்க ஓடுபாதை போட்டதில் அவர் நிலமும் போயிருந்தது. சண்டை முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் எடுத்துக்கொண்டார்களாம்.

"இதுல கைநாட்டு வச்சா நெலம் வருமா நைனா?" என்று கேட்டார்.

"இது நெலத்துக்கு இல்லீங்க. இனிமே சண்டையே கூடாதுன்னு எழுதின மனு."

"அத்தத்தானே நானும் கேக்கறேன்" என்று கட்டைவிரலை மையில் அழுத்தினார். உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். எனக்குத் தாள் நிரம்பினால் போதும் என்றிருந்தது.

சில மாதங்கள் கழித்து அதே ஊரில் சமாதானக் கூட்டம் போட்டோம். அன்று பார்த்து அந்த ஓடுபாதையில் கார் பந்தயம். மைக்கில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எதிரில் நாலு பேர், ஒரு நாய். ஊரே பந்தய வேலியோரம் நின்றிருந்தது. ஆத்திரம் தாங்காமல் இறங்கிப் போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்றவர் அவர்தான்.

"கூட்டத்துக்கு வராம இங்க இன்னா வேடிக்க பாக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

என்னை அடையாளம் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "கைநாட்டு வாங்கினு போனது நீதானே? அதோ, கார் திரும்புதே, அங்கதான் என் கெணறு இருந்துது. சண்ட முடிஞ்சிட்ச்சா இல்லியா, நீயாவது சொல்லு நைனா" என்றார்.