கயிற்றுக்கு வெளியே பூத்த செடி

மூன்று வருடமாக நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் பொய். அது எனக்கே இந்த ஆவணியில்தான் தெரிந்தது.

ஓசூர் பக்கம் பேரிகை என்ற ஊரைத் தாண்டி, காப்புக்காட்டுக்குள் ஒரு புல்வெளி. அதில் பார்த்தீனியம் என்ற விஷக்களை எவ்வளவு பரவுகிறது என்று மாதம் ஒருமுறை பார்ப்பது என் வேலை. அங்கங்கே இரும்பு முளை அடித்திருக்கிறோம். முளைகளைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் செடிகளை எண்ண வேண்டும். பிடுங்கக் கூடாது. பிடுங்க வேறு ஆட்கள் உண்டு.

எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அலுவலகத்தில் ஒரே சந்தோஷம். செடிதான் ஒழிந்துவிட்டதே, இந்த மாதத்தோடு பிடுங்குவதை நிறுத்திவிடலாம் என்றார்கள். அத்தாட்சி என் நோட்டு.

ஆனால் கால் வைக்கிற இடமெல்லாம் வெள்ளைப் பூ. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்போதும் வெயில் ஏறிய பிறகு ஓசூரிலிருந்து பைக்கில் போகிறவன், அன்று விடிந்ததும் போய்விட்டேன்.

கயிறு கட்டக் கூலிக்கு வரும் அக்கா சதுரத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சின்ன வயதிலிருந்து களை எடுத்தே பிழைத்தவர். ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, வேர் மண்ணை உதறி, கயிற்றுக்கு வெளியே வீசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பதறவில்லை. இன்னும் இரண்டு கட்டம் பாக்கி என்றார். முதல் மாதத்திலிருந்தே இப்படித்தானாம்.

கத்தினேன். என் வேலையையே நாசம் பண்ணிவிட்டதாகக் கத்தினேன்.

"தொடக்கூடாதுன்னு நீ சொன்னியா சார்? கயிறு கட்டுன்னுதான் சொன்ன. களையைப் பாத்துக்கினு சும்மா குந்தியிருந்தா எவன் என்னைக் கூலிக்குக் கூப்புடுவான்?"

நான் சொல்லவில்லைதான். வெளியே வாடிக் கிடந்த செடிகளை எத்தனையோ முறை பார்த்தும் ஏன் என்று கேட்டதில்லை. குறைகிற எண் எனக்கும் பிடித்திருந்தது.

அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் செய்தேன். என் எண்ணிக்கை எதையும் நம்பாதீர்கள், பிடுங்குவதை நிறுத்தாதீர்கள் என்றேன். அறிக்கை மேலே போய்விட்டது, இப்போது சொன்னால் எப்படி என்று எரிந்து விழுந்தார். எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் உன் வேலை இருக்காது என்றார்.

"எழுதப் போறியா?" என்றார் அக்கா.

"ஆமா."

அவர் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு, யாரும் கைவைக்காத இடத்துக்கு நடந்தார். இடுப்பளவு பார்த்தீனியத்துக்கு நடுவே புதிதாகக் கயிறு கட்டினோம். நான் எண்ணி முடிக்கும்வரை இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.